மவுசாக்கலையில் ஒரு பாய்த்தோணி



தண்ணீரைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் பெண்கள் எம்மிடையே அநேகர். அதைக் கேட்பவர்கள் உடனே, "பயப்படாதேங்கோ, அதெல்லாம் முடிஞ்சுது" என்று ஆறுதல் கூறுவார்கள். எனக்கு அந்த ஆறுதலில் அவ்வளவு நம்பிக்கையில்லை. கிளாலியைக் கடந்தவளுக்கும், சுனாமி அலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் பயப்படாதே என்று சொல்வதால் என்ன பயன்? அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்லவே. இம்மாதம் என் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். கடந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழைக்காலத்தில், அவர் தானாக விரும்பித் தோணி ஏறினார்.

எங்கள் பிறப்பு மஸ்கெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். நான் இன்றும் இங்குதான் இருக்கிறேன். அக்கா 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், பல மலையகக் குடும்பங்களைப் போல, அத்தானுடன் கிளிநொச்சிக்குப் போனவர். காட்டை வெட்டி, கிணறு தோண்டி, ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். பிறகு நடந்தவற்றை வாசகியருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. 2009இல் அத்தானை இழந்து, மகளுடன் முகாமில் இருந்து, மீண்டும் அதே காணிக்குத் திரும்பினார்.

ஆனால் அக்காவின் தண்ணீர்ப் பயம் 2009இல் தொடங்கியதல்ல. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையில் சனங்கள் இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்தக் கடலில் படகுகளில் சென்ற பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து அக்கா கடந்தார். இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோயே ஆகவேண்டிய நிலை. சேலைத் தலைப்பால் பிள்ளையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். "போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவம் எண்டுதான் கட்டினனான்" என்று எனக்குச் சொன்னார். விளக்கில்லை, பேச்சில்லை, இருமக்கூடப் பயம். மகளுக்கு அது ஞாபகமில்லை. அக்காவுக்கோ அதன் பிறகு குளத்தில் இறங்கிக் குளிக்கவும் மனம் வரவில்லை.

அந்த மகள் பூநகரியில் ஒரு மீனவரைத் திருமணம் செய்தாள். ஆடி மாதம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இங்கே தென்மேற்குப் பருவமழை உக்கிரமாகப் பெய்யும் காலம் அது. சனிக்கிழமை முழுதும் லயத்துக் காம்பிராவில் அடைந்து கிடந்து, தேத்தண்ணி குடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதைத்தோம். ஞாயிறு காலை மழை சற்று வெளித்தது. மருமகன் தெரிந்தவர் ஒருவரிடம் பைபர் தோணி ஒன்றை இரவல் கேட்டு, மூங்கில் ஒன்றை நட்டு, படங்கு ஒன்றைப் பாயாகக் கட்டிவிட்டார். மலையில் பிறந்த நாங்கள் மழையில் தலையில் போடும் படங்கு காற்றை வாங்கி நின்றதைக் கண்டு பிள்ளைகள் துள்ளினார்கள்.

மவுசாக்கலையின் கதை இளையவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மஸ்கெலியா ஓயாவை மறித்து இந்த அணை 1969இல் கட்டி முடிக்கப்பட்டது. மின்சாரத்துக்காகத் தேக்கிய அந்தத் தண்ணீரின் கீழ்தான் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகள் வெளியே தெரியும். பார்க்கச் சனம் கூடும். அக்காவுக்கு அப்போது பத்து வயது. பழைய கடைத்தெருவில் அம்மா வளையல் வாங்கித் தந்தது அவருக்கு நினைவிருக்கிறது. நான் கைக்குழந்தை.

தோணியில் ஏறும் இடத்தில் ஒரு சிறு சச்சரவு. எங்களிடம் உயிர்காப்பு அங்கி மூன்றுதான் இருந்தது, மூன்றும் பெரியவர்களின் அளவு. மருமகன், தான் கடலில் பிறந்தவனென்றும் தனக்கு அங்கி வேண்டாமென்றும், எட்டு வயதுப் பேத்தி அதைப் போடட்டும் என்றும் சொன்னார். அக்கா பேசாமல் பிள்ளைக்கு அங்கியை மாட்டி, பட்டியை இறுக்கி, இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அங்கி பிள்ளையின் காதுக்கு மேலே வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தாலும் இதுவே நடக்கும். அங்கி மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவிக் கீழே போகும். "மூண்டு அங்கி எண்டால் மூண்டு பேர்தான், அதுவும் அளவானவை" என்றார் அக்கா. பேத்தி விம்மி விம்மி அழுதாள். தாயும் முகம் சுளித்தாள், இவ்வளவு தூரம் வந்து பிள்ளையை அழவைப்பதா என்று. அக்கா இளகவில்லை. மருமகனையும் அங்கி போடவைத்த பிறகே, கம்பளியைக் கரையில் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். நனைந்த கம்பளியும் சேலையும் எவ்வளவு பாரம் என்பது கொழுந்து எடுக்கும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2004 சுனாமியில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் எடுத்துக் காட்டியது. நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கியிருந்தது அதற்கு ஒரு காரணம்.

கரையைவிட்டு நகர்ந்ததும் மருமகன் நீண்ட கம்பை ஊன்றப் பார்த்தார், கம்பு அடியைத் தொடவில்லை. பூநகரிக் கடலேரி வெகுதூரம் ஆழமில்லாதது. இதுவோ மூழ்கிய பள்ளத்தாக்கு, கரையிலிருந்து சில அடியிலேயே கிடுகிடுவென்று ஆழம். உப்புநீரைப் போல நன்னீர் உடம்பைத் தாங்குவதுமில்லை. குளிரும் கூட. கடல் தெரிந்தவர் என்பதற்காக மலைநீர் தெரிந்தவர் என்று எண்ணக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மருமகனும் அதை அன்றே ஒத்துக்கொண்டார்.

கால்மணி நேரம் நன்றாகப் போனது. பாய் காற்றுப் பிடித்தால் சத்தமே இல்லை, தண்ணீர் தோணியில் உரசும் ஓசை மட்டும். அக்கா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கந்தான் கடைத்தெரு இருந்திருக்கும்" என்றார். கையை எடுத்து விரல்நுனியைத் தண்ணீரில் வைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சிவனொளிபாத மலைப் பக்கம் வெள்ளையாக மறைந்தது. பூநகரியில் காற்றுக்கு வாடை, கச்சான், சோழகம் என்று பெயருண்டு, ஒரு திசையில் வந்தால் அது நின்று வீசும். மலையில் காற்று பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து சுற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் அடிக்கும். மழை வருமுன் அதன் வீச்சு முதலில் வரும். அதைக் கண்டவர் அக்காதான். தூரத்தில் நீர்ப்பரப்பு கறுத்து எங்களை நோக்கி வந்ததைக் காட்டி, "தம்பி, பாயை விடுங்கோ" என்றார். மருமகன் பாயின் கயிற்றை எங்கும் கட்டாமல் கையில்தான் வைத்திருந்தார். விட்டதும் படங்கு படபடவென்று அடித்துக்கொண்டது. தோணியின் பக்கத்திலிருந்த மிதவைக்கட்டை ஒருமுறை தண்ணீரைவிட்டு எழும்பி மறுபடி விழுந்தது. கயிறு முடிச்சுப் போட்டிருந்தால் கவிழ்ந்திருப்போம். "எழும்பாதை, கீழை இரு" என்று அக்கா என் தோளை அமுக்கினார். அடுத்த நிமிடம் மழை. கரையே தெரியவில்லை. பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்பால் வலித்து, தாய் கரையிலிருந்து கூப்பிட்ட குரலை வைத்தே வந்து சேர்ந்தோம். கவிழ்ந்தால் நீந்திக் கரை சேர முயலாமல் தோணியையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மருமகன் ஏறுமுன்னே சொல்லியிருந்தார். நல்லவேளை, அதற்குத் தேவை வரவில்லை.

அக்கா இறங்கி நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை. ஈரத்தை மாற்றி, சீனி கூடப்போட்ட தேத்தண்ணி கொடுத்தேன். அன்றிரவு உறக்கத்தில் இரண்டுமுறை அலறினார். காலையில் அதைப்பற்றிக் கேட்டபோது, "அது வரத்தான் செய்யும்" என்றுவிட்டு, ரொட்டிக்குச் சம்பல் இடித்தார்.

பேத்தி இரண்டு நாள் அம்மம்மாவுடன் பேசவில்லை. மார்கழி விடுமுறைக்கு நாங்கள் பூநகரிக்குப் போகிறோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடலேரியில் போக வேண்டும், மழை வெளித்த நாளாகப் பார்த்து, என்று அக்கா தானே சொல்லி அனுப்பியிருக்கிறார். எட்டு வயதுக்கு அளவான அங்கி ஹட்டனில் தேடினேன், கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் பிள்ளையின் நெஞ்சளவையும் நிறையையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.