ஒருமுறை வந்துட்டா, மறுபடி கொரோனா வராதா?

"எனக்குத்தான் ஒருமுறை வந்துட்டுப் போயிடுச்சே, இனி எதுக்கு ஊசி?" மதுரையில் இருக்கும் என் அப்பா மட்டுமல்ல, அவர் வயதுக்காரர்கள் பலரும் சொன்னது இதுதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் நம்மூரில் தடுப்பூசி போட்டார்கள். தேர்தல் கூட்டங்களில் முகக்கவசத்தைத் தேட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில், நான் வேலை பார்க்கும் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 'லான்செட்' இதழில் மார்ச் 17 அன்று வெளியானது.

செய்தது ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிடியூட் என்ற அரசு நிறுவனம். இங்கே பிறந்த குழந்தைக்கும் சரி, என்னைப் போல வந்து குடியேறியவனுக்கும் சரி, சிபிஆர் என்று 10 இலக்க எண் ஒன்று உண்டு. அப்போது பிசிஆர் பரிசோதனை இலவசம். முடிவு அந்த எண்ணில்தான் பதிவானது. ஒரே ஆளுக்கு இரண்டு முறை பாசிட்டிவ் வந்ததா என்று தேட இதைவிடத் தோதான டேட்டாபேஸ் கிடைக்காது. (நம்ம ஆதாரை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.)

கணக்கு இதுதான். முதல் அலையில் தொற்று வந்த 11,068 பேரில், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான இரண்டாம் அலையில் மறுபடி பாசிட்டிவ் ஆனவர்கள் 72 பேர். அதாவது 0.65 சதவீதம். முன்பு நெகட்டிவ் வந்த 5,14,271 பேரிலோ 16,819 பேர், 3.27 சதவீதம். வயது போன்றவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தால், ஒருமுறை வந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு. ஏழு மாதம் தாண்டியும் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்பா சொல்வது சரிதானே என்று தோன்றும். ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பிரித்தால் அந்தப் பாதுகாப்பு 47 சதவீதம்தான். கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்க்கிற கதை! வயது ஏற ஏற, டி செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலமே தளர்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு: இவை உருமாறிய வைரஸ்கள் பரவலாவதற்கு முந்தைய எண்கள்.

'அந்த டென்மார்க்கே அஸ்ட்ராஜெனெகா ஊசியை மார்ச் 11-ல் நிறுத்தி வைத்ததே, நம்ம கோவிஷீல்டும் அதுதானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். ரத்தம் உறைந்ததாக வந்த சில புகார்களை விசாரிக்க நிறுத்தினார்கள். ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று ஐரோப்பிய மருந்து முகமை மார்ச் 18-ல் சொல்லியும் இங்கே உடனே தொடங்கவில்லை. கையில் ஃபைசரும் மாடர்னாவும் இருந்தது, காத்திருந்தார்கள். மதுரையில் அப்போது கிடைத்தது கோவிஷீல்டும் கோவேக்சினும்தான்.