கனமும் பளபளப்பும் பலமாகாது

இரும்புச் சங்கிலிக்குத் துத்தநாகம் பூசுவது துரு ஏறுவதைத் தள்ளிப்போடுவதற்காக. அந்தப் பூச்சால் சங்கிலி தாங்கும் சுமை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. ஆனால் ஹார்டுவேர் கடையில் ‘ஜி.ஐ. சங்கிலி’ என்று துத்தநாகம் பூசிய சங்கிலியைக் கேட்டு வாங்குபவர்களில் பலர் வேறுவிதமாக நம்புகிறார்கள். வெள்ளையாகப் பளபளத்து, கையில் எடுத்தால் கனமாகவும் இருந்துவிட்டால் அது லாரிச் சுமையையும் கட்டும், படகையும் நிறுத்தும், ஆலைக்குள் எதையும் தூக்கும் என்பது அந்த நம்பிக்கை. சங்கிலியைக் கிலோ கணக்கில் எடைபோட்டு விற்கும் வழக்கம் அதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. இது வெறும் அறியாமை அன்று. உயிர்களைப் பறிக்கக்கூடிய தவறு.

இராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி வட்டாரத்தில் இந்தத் தவறுக்கு இடம் அதிகம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்தில் காவேரிப்பாக்கம் வழியாகப் போகிறது. இராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருக்கிறது. நெமிலி வட்டத்துக்கு உட்பட்ட பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மேற்கே இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. டிரெய்லரில் இரும்பைக் கட்டுவதற்கும் ஆலையில் பாரம் தூக்குவதற்கும் சங்கிலி வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே சங்கிலி பொருந்தாது.

சங்கிலியின் பலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: கண்ணியின் கம்பி விட்டம், எஃகின் தரம். தரத்தை 30, 43, 70, 80, 100 என்ற எண்களால் குறிப்பார்கள். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், அறுபடும் நேரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு தாங்கும் விசை நியூட்டனில் கிடைக்கும். ஒரு கண்ணிக்கு இரண்டு கால்கள் இருப்பதால் இரண்டின் பரப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 13 மி.மீ. தடிமனுள்ள 30-ஆம் தரச் சங்கிலி ஏறக்குறைய 80 கிலோநியூட்டனில், அதாவது சுமார் 8 டன்னில் அறும். 8 மி.மீ. தடிமனே உள்ள 80-ஆம் தரச் சங்கிலியும் அதே 8 டன்னில்தான் அறும். முதலாவது மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3.8 கிலோ எடை, இரண்டாவது 1.4 கிலோ. எடையைப் பார்த்துப் பலத்தை மதிப்பிடுபவர் இரண்டரை மடங்குக்கும் மேல் இரும்பை வாங்கி அதே பலத்தைத்தான் பெறுகிறார். இரண்டும் ஒரே தடிமனில் கிடைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தாங்கும் சுமையில் இரண்டரை மடங்குக்கும் மேல் வேறுபாடு இருக்கும். ஆகவே கடையில் முதலில் தேட வேண்டியது கண்ணியில் பொறித்த தர எண்ணை. எண் பொறிக்காத சங்கிலி வாசற்கதவுக்கு உதவலாம். பாரம் கட்ட அதைத் தொடவே கூடாது.

அறுபடும் சுமையும் வேலைச் சுமையும் ஒன்றல்ல. தூக்குவதற்கு நான்கில் ஒரு பங்கு, லாரியில் கட்டுவதற்கு இரண்டில் ஒரு பங்கு என்பது ஐரோப்பியத் தரநிலைகளின் கணக்கு. 20 டன் எஃகுச் சுருள் ஒன்று டிரெய்லரில் போவதாகக் கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கைப் பலமாக அழுத்தினால் அது தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு, அதாவது 16 டன் விசையோடு முன்னே பாயப் பார்க்கும். மரப்பலகைத் தளத்தின் உராய்வு அதில் 6 டன்னைப் பிடித்துக்கொண்டாலும் மீதி 10 டன்னைச் சங்கிலியும் தடுப்புக் கட்டைகளும் தாங்க வேண்டும். 10 மி.மீ. 80-ஆம் தரச் சங்கிலி ஒன்றைக் கட்டுவதற்கு 6 டன்னுக்குச் சற்று மேல் நம்பலாம். அதே தடிமனில் 30-ஆம் தரத்தை இரண்டரை டன்னுக்குக்கூட நம்ப முடியாது. சாய்வாகக் கட்டும்போது இதிலும் குறையும். அந்த நேரத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பது கேபினின் தகரம் மட்டுமே. சங்கிலி வாங்கியதில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர் அந்த இருக்கையில் இருப்பதில்லை.

சுமையின் மேலே சங்கிலியைப் போட்டு இறுக்கினால் போதும் என்பதும் அதே வகை நம்பிக்கை. மேலிருந்து அழுத்தும் கட்டு உராய்வைக் கூட்டுமே தவிர, சரக்கை நேராகப் பிடிக்காது. எஃகின் மேல் எஃகு வைத்தால் உராய்வு மிகக் குறைவு. இடையில் ரப்பர் விரிப்பு போட்டால் அது பல மடங்கு உயரும். சங்கிலியை முடிச்சுப் போடுவதும், ஷாக்கிள் என்ற இணைப்பு வளையத்துக்குப் பதில் சாதாரண போல்ட்டை மாட்டுவதும், கூரான விளிம்பில் மடித்து இழுப்பதும் எந்தத் தரத்தையும் வீணாக்கிவிடும். அறுந்த கண்ணியைச் சாலையோர வெல்டிங் பட்டறையில் ஒட்டவைப்பது எல்லாவற்றிலும் கொடியது. 80-ஆம் தரத்தின் பலம் வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. வெல்டிங் சூடு அதைக் குலைத்துவிடும்.

கடலுக்கு வந்தால் துத்தநாகத்துக்கு நியாயமான இடம் உண்டு. சிறு படகின் நங்கூரச் சங்கிலிக்கு, சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு அவசியம். மின்முலாம் பூசிய சங்கிலி அதைவிடப் பளபளக்கும், ஆனால் அதன் பூச்சு பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான்தான். முக்கி எடுத்த பூச்சு 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரிவதையே கடலுக்கு வாங்க வேண்டும். அதுவும் நிரந்தரம் அன்று. உள்நாட்டுக் காற்றில் பல பத்தாண்டுகள் நிற்கும் பூச்சு, உப்புநீரிலும் அடிமணலின் உரசலிலும் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும்.

நங்கூரம் பிடிப்பது பூச்சாலும் அன்று, சங்கிலியின் அறுபலத்தால் மட்டும் அன்று. சங்கிலி தரையில் படிந்து கிடந்து, இழுப்பு கிடைமட்டமாக இருக்கும்வரைதான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். அதற்கு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும், புயலில் இன்னும் கூடுதலாக. பெருங்கப்பல்களின் நங்கூரச் சங்கிலிக்குப் பொதுவாகத் துத்தநாகமே பூசுவதில்லை. கறுப்பு வண்ணம் அடித்து, தேய்மானத்தை அளந்து பார்த்து, விட்டம் 12 சதவீதம் குறைந்தால் மாற்றுகிறார்கள். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ எண்ணெய்க் கப்பல் நங்கூரப் பிடி தவறிச் சென்னை பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. கப்பலிலிருந்து இறங்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் ஆறு பேர் இறந்தார்கள். நங்கூரம் நழுவினால் என்ன ஆகும் என்பதைத் தமிழகக் கடற்கரை கண்முன் பார்த்திருக்கிறது.

தோல் ஆலைக்குள் துத்தநாகம் காப்பு அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மயிர் நீக்கும் தொட்டியில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலின் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும். துத்தநாகம் தாங்கும் எல்லை ஏறக்குறைய அங்கேயே முடிகிறது. பின்னர் வரும் அமில ஊறலில் பி.எச். 3 அளவுக்கு இறங்கும். அதில் துத்தநாகம் கரைந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அந்த ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்தால், கடினமான 80-ஆம், 100-ஆம் தரச் சங்கிலிகள் நீளாமல், வளையாமல், எந்த முன்னறிவிப்பும் தராமல் விரிசல்விட்டு அறும். சல்பைடு இருக்கும் இடத்தில் அணுக்கள் சோடி சேர்ந்து வாயுவாக வெளியேறுவது தடைபடுவதால் உள்ளே நுழைவது இன்னும் அதிகம். இதனால்தான் உயர்தரத் தூக்குச் சங்கிலிகளை அமிலத்திலோ அமில ஆவியிலோ பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். அவற்றுக்கு வெளியே கொண்டுபோய்த் துத்தநாகம் பூசுவதையும் அவர்கள் தடுக்கிறார்கள். பூசுவதற்கு முன் அமிலத்தில் கழுவுவதே ஹைட்ரஜனை உள்ளே விடும். துரு பிடிக்கக் கூடாதென்று நல்ல சங்கிலியைப் பூச்சுப் பட்டறைக்கு அனுப்பும் மேலாளர், அக்கறையோடு அதைக் கெடுக்கிறார்.

ஆலையின் ஈரப் பகுதியில் தூக்குவதற்குச் சங்கிலியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. அதற்குப் பதிலாகப் பயன்படும் செயற்கை இழைப் பட்டைக் கவண்களிலும் தேர்வு உண்டு: பாலிஎஸ்டர் அமிலத்தைத் தாங்கும், சுண்ணாம்புக் காரத்தைத் தாங்காது. நைலான் நேர்மாறு. பாலிப்ரொப்பிலீன் இரண்டையும் தாங்கும். செயின் பிளாக் என்ற சங்கிலித் தூக்கியைத் தொட்டிக்கு மேலேயே நிரந்தரமாகத் தொங்கவிடாமல், வேலை முடிந்ததும் ஆவி படாத இடத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும்.

எந்த இடமானாலும் சோதனை கண்ணி கண்ணியாக நடக்க வேண்டும், வெர்னியர் அளவியோடு. கண்ணிகள் உரசும் இடத்தில் அளந்து, தூக்குச் சங்கிலியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். நீண்ட, முறுக்கிய, வெட்டுப்பட்ட கண்ணி ஒன்று இருந்தாலும் அப்படியே. தேய்ந்த பழைய சங்கிலியை மறுபடி துத்தநாகத்தில் முக்கினால் புதியதுபோல் தெரியும், விரிசலும் மறைந்துவிடும். ஆகவே ஒதுக்கிய சங்கிலியை முழுதாகப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும்.