எண்ணுவது கருவி, எண்ணிப் பார்ப்பது மனிதன்

மனிதனின் மூளையிலும் மின்சாரம் உண்டு. விழித்திருக்கும்போது மட்டும் அல்ல, உறங்கும்போதும் அது அலை அலையாக எழுந்துகொண்டே இருக்கிறது.

இந்த அலைகளை மனிதனிடம் முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர். யேனா நகரில் 1924-ம் ஆண்டு இதைச் செய்தார். 1929-ல்தான் உலகுக்கு வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் அட்ரியனும் மாத்யூசும் சோதித்துப் பார்த்து, பெர்கர் கண்டது மெய்யே என்று உறுதி செய்தார்கள்.

இன்று ஆஸ்பத்திரிகளில் இ.இ.ஜி. என்று சொல்லப்படும் சோதனை இதுதான்.

ஷாக் அடிக்காது

தலையில் சிறிய உலோக வில்லைகளை ஒட்டி, கம்பி வழியாக அலைகளைக் கருவிக்குக் கொண்டு வருகிறார்கள். ஒரு டார்ச் லைட் பாட்டரியின் மின் அழுத்தத்தை 30 ஆயிரம் பங்கு வைத்தால், அதில் ஒரு பங்கு அளவே இங்கே கிடைக்கும். ஆகவே அதைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்துவதில்லை. பயப்பட வேண்டாம்.

முன்பு மைப் பேனாக்கள் அலைகளைக் காகிதத்தில் வரைந்தன. நொடிக்கு 3 சென்டிமீட்டர் காகிதம் ஓடும். 20 நிமிடச் சோதனைக்கு 36 மீட்டர் காகிதம் வேண்டும்!

அலை எண்ணாகிறது

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்கு அலை தெரியாது, எண்தான் தெரியும். எனவே அலையை எண்ணாக மாற்ற வேண்டும்.

எப்படி? காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு நர்ஸ் மணிக்கு ஒரு முறை உடல் சூட்டை அளந்து குறிக்கிறார். காய்ச்சல் ஏறியதும் இறங்கியதும் தெரிகிறது. நாளைக்கு ஒரு முறை மட்டும் அளந்தால், நடுவில் ஏறிய காய்ச்சல் தெரியாமலே போய்விடும். கருவியும் இப்படித்தான். நொடிக்கு 256 முறை அளக்கும் கருவிகள் உண்டு. போதிய தடவை அளக்காவிட்டால், வேகமான அலை மெதுவான அலைபோல வேஷம் போட்டு ஏமாற்றும்.

எண்ணாக வைத்த பதிவை டாக்டர் பெரிதாக்கிப் பார்க்கலாம். வில்லைகளை வேறு விதமாக ஜோடி சேர்த்தும் பார்க்கலாம். காகிதத்தில் வரைந்தது வரைந்ததுதான்.

தீர்ப்பு யாருடையது?

நோயாளி கண் சிமிட்டினாலும், பல்லைக் கடித்தாலும், கம்பி ஆடினாலும் கோடு துள்ளும். கருவி அதையும் எண்ணாக்கி வைக்கும். கம்ப்யூட்டர் துணை செய்யலாம். ஆனால் மூளையின் அலை எது, இமையின் ஆட்டம் எது என்று பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்ற டாக்டரே.

இதில் தவறினால் கெடுதி பெரிது. நோய் இல்லாத சிறுமிக்கு "வலிப்பு" என்று பெயர் சூட்டிவிட்டால், வேண்டாத மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குவாள். மாறாக, வலிப்பு உள்ளவருக்கும் சோதனை நேரத்தில் அலைகள் ஒழுங்காக இருக்கலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்று தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து.

ஆகவே குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. வலிப்பு வந்தபோது அருகில் இருந்தவர் டாக்டரிடம் கூடப் போக வேண்டும். எப்படித் தொடங்கியது, எந்தக் கை இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்ல வேண்டும். செல்போனில் படம் இருந்தால் காட்ட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது கூடாது. கண்ணால் கண்டவர் சொல்லும் சேதி இல்லாமல் இ.இ.ஜி. மட்டும் முழுக் கதையைச் சொல்லாது.

கருவி நொடிக்கு 256 முறை எண்ணட்டும். எண்ணிப் பார்க்கும் பொறுப்பு மனிதருடையது.