பாக்கெட் கலர் வேற, முதலாளி ஒண்ணு

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் தீபாவளிக்கு வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ போய், பெரிய கம்பெனிகள் இணைவதில் வந்து நின்றது.

"ரெண்டு கம்பெனி சேர்ந்தா செலவு குறையும், விலையும் குறையும்ல மாமா?"

"செலவு குறையும் மாப்ளே. அதை நமக்குக் குடுக்கணும்னு அவங்களுக்கு என்ன கட்டாயம்?"

எங்க ஊர் உரக்கடையில் பருத்தி விதை பாக்கெட் கலர் கலராக அடுக்கியிருக்கும். டவுன்காரங்க பார்த்தால் எவ்வளவு போட்டி என்று தோன்றும். உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குதான்: காய்ப்புழுவுக்கான பி.டி. மரபணு. மான்சான்டோவிடம் உரிமம் வாங்கி ஆளாளுக்குத் தன் பெயரில் விற்றார்கள். ஒரு காலத்தில் 450 கிராம் பாக்கெட் 1,850 ரூபாய் வரை போனது. அதில் 1,250 மரபணுவுக்கான கட்டணம் மட்டும்! 2006-இல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகு பாக்கெட் 750-க்கு வந்தது. பாதிக்கும் கீழே இறங்கியும் யாரும் கடையைச் சாத்தவில்லை. அப்போ அதுவரை வாங்கினது என்ன கணக்கு?

அதற்கப்புறம்தான் இந்த இணைப்புகள். 2017-இல் டவ்வும் டூபாண்டும் ஒன்றாயின. அதே வருஷம் சின்ஜென்டாவைச் சீனாவின் கெம்சைனா வாங்கியது. 2018-இல் மான்சான்டோவை சுமார் 6,300 கோடி டாலர் கொடுத்து பேயர் வாங்கியது. விதை, பூச்சிமருந்தில் உலகத்தில் ஆறு பெரிய கை இருந்தது, நாலாச்சு. போட்டி ஆணையங்கள் சும்மா விடவில்லை, சில தொழில்களை விற்கச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதியை வாங்கியது யார்? அதே பந்தியில் ஏற்கெனவே இலை போட்டு உட்கார்ந்திருந்த பி.ஏ.எஸ்.எஃப்.

விலையைக்கூட விடுங்க. பருத்தி விதைக்கு இப்போ மத்திய அரசே உச்ச விலை வைக்கிறது. என் கவலை வேறு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவையும் தாங்கப் பழகிவிட்டது. மறுபடியும் மருந்தடிக்கிறோம். மருந்தே தேவைப்படாத விதையை, மருந்தும் விற்கிற கம்பெனி அவசரப்பட்டுக் கொண்டுவருமா? விதை மட்டும் விற்கிறவன் எதிரே இருந்தால் அவன் கொண்டுவருவான் என்ற பயமாவது இருக்கும். அந்தப் பயத்தைத்தான் இணைப்பு எடுத்துவிடுகிறது. எந்த உச்ச விலை ஆணையும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

எனக்குத் தெரிந்து மிச்சமிருக்கும் ஒரே எதிராளி நம்ம வேளாண் பல்கலைக்கழகம்தான். இந்த வருஷம் கடையில் அவங்க ரகம் கேட்டேன்.

"அண்ணே, அதையெல்லாம் யார் கேக்குறா? கோயம்புத்தூர்ல போய்த்தான் கேக்கணும்" என்றார் கடைக்காரர்.

பஸ் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.