கணக்கேடு இல்லாத கட்டடம்

பழைய கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், வாங்க வருபவர் கூரையைப் பார்ப்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். உத்தரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து எழுதிய கணக்கேடு எங்கே என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் நிலக்கரிக்குப் பெயர் பெற்றது. அங்கே சுரங்கக் கம்பெனிகள் ஊரையே கட்டின. குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது. சாமான் வாங்கும் கடையும் கம்பெனியுடையது. பல கம்பெனிகள் கூலியை அரசாங்க நாணயமாகத் தராமல், தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளாகத் தந்தன. அந்த வில்லை கம்பெனிக் கடையில்தான் செல்லும். கூலியை நிர்ணயித்தவரே அரிசிக்கும் செருப்புக்கும் விலையை நிர்ணயித்தால், தொழிலாளியின் கடன் எப்படித் தீரும்? தீராத அந்தக் கடனை மெர்ல் டிராவிஸ் என்பவர் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்னும் பாட்டாக்கி 1946-இல் பதிவு செய்தார். 1955-இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடியபோது நாடெங்கும் அது ஒலித்தது.

சுரங்கங்கள் மூடிய பின் அக்கடைகளில் பல பாழடைந்தன. சில விலைக்கு வந்தன. ஜஸ்டஸ் காலின்ஸ் என்னும் நிலக்கரி முதலாளி 1890-களில் எழுப்பிய விப்பிள் கம்பெனிக் கடை, பிற்காலத்தில் தனியார் கைக்கு வந்து அருங்காட்சியகமாயிற்று. விற்கப்படும் கட்டடத்துக்கு இதைவிட நல்ல கதி இல்லை.

"எங்கோ நடந்த கதை, நமக்கென்ன?" என்பார் உளர். கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் கதை வேறா? தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆளின் விலையே அந்தச் சீட்டில் இருந்தது எனலாம். 1921-இல் அங்குச் சட்டம் இயற்றித் துண்டு முறையைத் தடை செய்தார்கள். ஆங்கிலச் சட்டநூலில் ஏறிய தமிழ்ச் சொல் அது. ஆனால் நாம் பெருமைப்பட முடியாத சொல். நம் நாட்டிலோ கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் தர வேண்டும் என்று சொல்ல, 1936-இல் கூலி வழங்கல் சட்டம் வர வேண்டியிருந்தது.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில் இருக்கிறது மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,373 ஏக்கருக்கு மேல் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. எடுத்தது பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி. 1885-இல் பர்மா மீது ஆங்கிலேயர் தொடுத்த போருக்கு இக்கம்பெனியின் தேக்குமர வழக்கே சாக்காக அமைந்தது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழை மக்கள். மூன்று நான்கு தலைமுறை லயன் வீடுகளிலேயே பிறந்து, அங்கேயே உழைத்து ஓய்ந்தது. கூலி உயர்வு கேட்டுச் சிறை சென்ற தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரி, 1999 ஜூலை 23-இல் நெல்லையில் ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். அந்த ஆற்றின் தண்ணீரைத்தான் நாம் இன்றும் குடிக்கிறோம்.

2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. குத்தகைக் காலம் 2028-இல் முடிகிறது. நிலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு, காடாகவே ஆகட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டடங்கள் என்னாகும்?

எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுக என்பது ஒரு கட்சி. துரை பங்களாவைப் புதுப்பித்து, பயணிகள் தங்க விடலாம் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. பங்களா நின்று லயன் வீடு போனால், மாஞ்சோலையின் வரலாறு துரைமாரின் வரலாறாகிவிடும். வருகிறவர்கள் குளிரையும் தேநீரையும் புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

"இறங்கி வந்தவர்களுக்கு வீடும் பிழைப்பும் தேட வேண்டிய நேரத்தில் உமக்குக் காட்சிசாலையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் வீடு, முதலில் பிழைப்பு. அதற்குக் குறுக்கே எதுவும் நிற்க வேண்டாம். ஆனால் நான் கேட்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரே ஒரு வரிசை லயன் வீடுகளை இடிக்காமல் வனத்துறை காத்து வைக்கட்டும். ஆள் பெயரும் நாட்கூலியும் பிடித்தமும் எழுதிய பதிவேடுகள், குத்தகைப் பத்திரம், தோட்ட வரைபடம் ஆகியவற்றை நெல்லை அரசு அருங்காட்சியகம் கேட்டு வாங்கட்டும். மலையிலிருந்து இறங்கிய முதியவர்களின் நினைவுகளை நம் வரலாற்றுத் துறை மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இந்த மூன்றாவது வேலைக்கு அரசாணை கூடத் தேவையில்லை. ஒரு நோட்டும் பேருந்துக் கட்டணமும் போதும்.

கணக்கேட்டின் அருமை எங்கள் மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குத் தெரியும். இலையும் தூளும் நிறுத்து வாங்கி, சுற்றிய பீடியை எண்ணிக் கொடுத்து, கழிவு போக எழுதும் எண்ணை எழுத்தறியாத தாய்மாரும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அந்த எண்ணில்தான் தம் உழைப்பு இருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

சுண்ணாம்பும் மரமும் விலைக்குக் கிடைக்கும். எந்தக் கட்டடத்தையும் புதுப்பித்துவிடலாம். செல்லரித்துப் போன பதிவேட்டை எந்தக் கொத்தனாரும் திரும்பக் கட்டித் தர முடியாது. 2028-க்கு நாள் அதிகமில்லை. பங்களாவின் பூட்டுக்குச் சாவி தேடுவதற்கு முன், பதிவேடு இருக்கும் பெட்டியைத் தேடுவோம்.