குற்றம் அடைப்புக்குறிகளின் மேல் இல்லை

லில்லிபாண்ட் என்றொரு இலவச மென்பொருள். மேற்கத்திய இசைக் குறிப்புகளை அச்சுக்குத் தயாராக அமைத்துத் தரும். 1996-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் என்ற இருவர் தொடங்கியது. மவுஸால் இழுத்து வைக்கும் வேலையெல்லாம் இல்லை. ஸ்வரங்களை எழுத்துகளாகத் தட்டினால் போதும், பக்கம் தயார். அதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா? உள்ளேயே ஸ்கீம் மொழியில் நிரல் எழுதிக்கொள்ளலாம்.

புலம்பல் ஆரம்பிப்பதும் இங்கேதான். "இசை எழுத வந்தவனை இப்படி அடைப்புக்குறி எண்ண வைக்கிறார்களே!"

இது பாதி நியாயம்தான். குறி விடுபட்டால் நல்ல எடிட்டர் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கணக்கில் ஆளைக் கொல்லும் பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

ஓர் உதாரணம். குழந்தைகளுக்காக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நிறம் தரும் நிரலை ஒருவர் எழுதுகிறார். நாலு ஸ்வரம் கொடுத்துப் பார்த்தால் அழகாக ஓடுகிறது. முழுப் பாட்டையும் கொடுத்தால் "தவறான வகை" என்று சொல்லிப் படுத்துவிடுகிறது! அடைப்புக்குறிகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறார். எல்லாம் சரி. பிறகு என்ன?

பாட்டின் நடுவில் ஒரு மௌனக் குறி. மௌனத்துக்கு ஏது ஸ்வரஸ்தானம்? கேட்டால் வெற்றுப் பட்டியல்தான் பதிலாக வரும். அதை ஸ்தானம் என்று நம்பி ஒப்பிடப் போன இடத்தில் நிரல் விழுகிறது. 'ஸ்தானம் இருக்கிறதா?' என்று முதலில் கேட்கும் ஒரே ஒரு வரி போதும்.

இதைக் கண்டுபிடிக்க டிஸ்ப்ளே-மியூசிக் என்ற கட்டளை லில்லிபாண்டிலேயே இருக்கிறது. எழுதிய இசையை அது உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்று ஸ்கீம் வடிவத்திலேயே கொட்டிக் காட்டும். ஸ்வரம் எது, மௌனம் எது, எதற்கு என்னென்ன பண்புகள் என்று எல்லாம் தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

லில்லிபாண்ட் மேலும் தவறு இருக்கிறது. சில ஸ்கீம் நிரல்கள் கோப்பைப் படிக்கும்போதே ஓடும். சில, பக்கத்தை அமைக்கும்போதுதான் ஓடும். பின்னதில் பிழை வந்தால், அது இசையின் எந்த வரியால் வந்தது என்று பல நேரம் செய்தியில் தெரியாது. இசைக்கலைஞருக்குப் புரிகிற மாதிரி பிழையைச் சொல்வது மென்பொருளின் கடமை இல்லையா?

அது மாறும்வரை ஒரு பழக்கம் கைகொடுக்கும். நிரல் விழுந்தால், அதன் கையில் என்ன கொடுத்தோம் என்று முதலில் பாருங்கள். அடைப்புக்குறிகளை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்!