புறாவுக்கு வந்த போர்

"தமிழனுக்குப் போர் என்றால் வீரம் வரும், கண்ணீர் வரும், சிரிப்பு மட்டும் வராது. அதற்கு ஒரு சாப்ளின் வேண்டும். நமக்கு வாய்த்தது அடிவாங்கும் வடிவேலு." திருப்பரங்குன்றத்தில் எங்கே பந்தல் போட்டாலும் இதைச் சொல்ல ஒரு பேச்சாளர் வந்துவிடுகிறார். ஆள் மாறுவார், வசனம் மாறாது. அதையும் வடிவேலு பிறந்த மதுரையில் நின்றுகொண்டே சொல்வார்கள்.

அடிவாங்குவது கேவலம் என்றால், சாப்ளின் மட்டும் படம் முழுக்க வீணையா வாசித்தார்?

வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யில் வரலாறு இல்லையாம், எல்லாம் கற்பனையாம். 1940இல் வந்த சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' நடக்கிற டொமைனியா எந்த அட்லஸில் இருக்கிறது?

"சரி, தத்துவம் எங்கே?" என்பார்கள். இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2006இல் வந்த படம். எடுத்தவர் விகடனில் கார்ட்டூன் போட்டுக் கைதேர்ந்த சிம்புதேவன். தூது வந்த புறாவைப் புலிகேசி தின்றுவிடுகிறார். அதற்காகப் பக்கத்து நாட்டு ராஜா படையோடு கிளம்பி வருகிறார். போயும் போயும் ஒரு புறாவுக்கா போர் என்று அலுத்துக்கொள்கிறார் புலிகேசி. கோழையின் பேச்சு என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் வீரன் எவனாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறானா? மானம், கொடி, எல்லை என்று யாராவது சொன்னால் போதும், அவன் வாளை உருவிவிடுவான். காரணம் எவ்வளவு சின்னது என்பது மானமில்லாதவன் கண்ணுக்குத்தான் தெரிகிறது. அவன் கை வெள்ளைக்கொடியைத் தேடுகிறது.

அதே ஆள்தான் சாதிச் சண்டை போட மைதானமும் திறந்து வைக்கிறார். தன் தலைக்கு ஆபத்தென்றால் சமாதானம். குடிமக்கள் வெட்டிக்கொண்டால் திறப்பு விழா. தென்மாவட்டத்துக்காரனுக்கு இதைவிட என்ன தத்துவம் வேண்டும்? சாப்ளினோ கடைசியில் சிரிப்பை ஓரங்கட்டிவிட்டு மைக் முன்னால் நின்று சொற்பொழிவாற்றுகிறார். நம் பேச்சாளருக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தானோ என்னவோ.

தமிழனுக்குப் போரில் சிரிக்கத் தெரியாதாம். சூரசம்ஹாரத்தன்று சூரனுக்குத் தலை மாற்றும்போது பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பதைப் பார்க்க, இவர் மேடையை விட்டு இறங்கினாலே போதும். அது சின்னப்பிள்ளை விளையாட்டு என்றால், புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் புரட்டலாம். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் பாராட்டுகிறார்: உன் வேல்களுக்குப் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் வைத்திருக்கிறாய், அவனுடையதோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. பாராட்டில் இருந்த ஊசி குத்த எவ்வளவு நேரமாகியிருக்கும்!

இன்னும் போதவில்லை என்றால் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இருக்கிறது. போர்க்களத்துப் பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று இனம் பிரித்து ஊற்றுகின்றன. புலிகேசியின் மைதானத்துக்குக் குலோத்துங்கன் காலத்திலேயே கால்கோள் நடந்துவிட்டது.